கண்மாய் வற்றிக் கிடக்கும்போதே இறங்கி நடந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சின்ன வயதில் எங்கள் ஐயா முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஊர்க் கண்மாயில் நீச்சல் பழக்கினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு 20 வருடம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. இப்போது இரண்டு வருடமாகக் காரைக்குடியில் 25 மீட்டர் நீச்சல் குளத்தில் வாரம் மூன்று நாள் நீந்துகிறேன். 2 கிலோமீட்டரை நிற்காமல் 58 நிமிடத்தில் முடிக்கிறேன். வருகிற மார்ச்சில் தொண்டிப் பக்கம் கடலில் 10 கிலோமீட்டர் நீந்த ஆசை. என்றாவது ஒருநாள் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும். ஆனால் அடி தெரியாத தண்ணீரில் இறங்கினாலே நெஞ்சு படபடக்கிறது. கிடைக்கிற பயிற்சித் திட்டங்களெல்லாம் குளிர்ந்த தண்ணீரைப் பற்றியே பேசுகின்றன. வீட்டிலோ, "இந்த வயசுல எதுக்கு இந்த வேலை?" என்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு கணக்கு. 2 கிலோமீட்டருக்கு 58 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 54 நொடி. இதே வேகத்தில் 10 கிலோமீட்டருக்கு 4 மணி 50 நிமிடம் ஆகும். ஆனால் குளத்து வேகம் கடலில் யாருக்கும் வராது. சுவரை உதைத்துக் கிளம்பும் வசதி அங்கே இல்லை, கோடு போட்ட மாதிரி நேராகப் போக முடியாது, நடுநடுவே நின்று குடிக்கவும் வேண்டும். ஐந்தரை, ஆறு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் இறங்கினால் உச்சி வெயில் நேரத்துக்குக் கரையேறுவீர்கள். அந்த ஆறு மணி நேரத்தைத் தாங்கும்படி உங்கள் தோளைத் தயார் செய்ய ஒன்பது மாதம் போதும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கவலை வேறு இரண்டு விஷயங்களில். ஒன்று, நீங்களே எழுதியிருக்கும் அந்தப் படபடப்பு. இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது: சூடு.

படபடப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான மருந்து இந்த ஆனி மாதத்தில்தான் கிடைக்கும்.

உங்கள் ஊர்க் கண்மாய் இப்போது வற்றிக் கிடக்கும். ஒருநாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கெட்டியான செருப்பைப் போட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கரையிலிருந்து உள்ளே இறங்கி நடங்கள். சீமைக்கருவேல் வெட்டிய தூர் எங்கெங்கே குத்திட்டு நிற்கிறது, வண்டல் அள்ளிய பள்ளம் எங்கே திடீரென்று இறங்குகிறது, உட்கிணறு ஏதும் இருக்கிறதா, அறுந்த வலை எங்காவது சிக்கிக் கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு நோட்டில் படமாக வரைந்துகொள்ளுங்கள். கரையில் தூரத்திலிருந்தே தெரிகிற இரண்டு அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள். அரசமரம் ஒன்று, கோவில் விமானம் ஒன்று என்று எதுவானாலும் சரி. இரண்டுக்கும் நடுவே தூரும் பள்ளமும் இல்லாத ஒரு பாதையைப் பிடித்து, எத்தனை தப்படி என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்த பிறகு நீங்கள் நீந்தப்போகும் பாதை அதுதான். அப்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடக்கும், உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் கீழே இருப்பது நீங்கள் நடந்து பார்த்த தரை.

என்னிடம் பழகிய ஒரு பெண் கலங்கல் தண்ணீரில் முகத்தைப் புதைக்கவே மாட்டாள். குளத்தில் மீன் மாதிரிப் போவாள். கண்மாயில் கழுத்தைத் தூக்கிக்கொண்டே நீந்துவாள். ஒரு கோடையில் அவளைக் கண்மாய்க்குள் இப்படி நடக்கவிட்டேன். மழை முடிந்து தண்ணீரில் இறங்கியவள், சுற்று முடித்துக் கரையேறியதும் சொன்ன முதல் வார்த்தை: "பள்ளத்துக்கு மேல போனப்ப தண்ணி சில்லுன்னு இருந்துச்சு, எங்கே இருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு." அடி தெரிகிற பயம் வேறு, தெரியாத பயம் வேறு. உங்களுடையது இரண்டாவது வகை. அந்த வகைக்கு இப்படி ஒருமுறை நடந்து பார்ப்பதைப் போல வேறு எதுவும் உதவி நான் பார்த்ததில்லை.

கடலின் அடியில் இப்படி நடந்து பார்க்க முடியாதே என்று கேட்பீர்கள். தொண்டிப் பக்கம் ஓரளவுக்கு முடியும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். அந்தக் கரையில் வெகுதூரம் வரை இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீர்தான். தை மாதம் முதல் தடவை போகும்போது நீந்தாமல் நடந்துவிட்டு மட்டும் வாருங்கள். சேற்றில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். மண்ணுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்தச் சலசலப்பில் விலகிப் போய்விடும். மிதித்தால்தான் வாலால் அடிக்கும். காலில் கடல் புல் தட்டும். நீந்தும்போது அது வயிற்றில் உரசினால் பாம்போ மீனோ என்று உடம்பு பதறும். முதலிலேயே கையில் பிடித்துப் பார்த்துவிட்டால் பிறகு பதறாது.

இதையெல்லாம் செய்த பிறகும் படபடப்பு வந்தால், வரட்டும். உடனே மல்லாக்கப் புரண்டு மிதந்து, வாயால் நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். பதற்றத்தில் எல்லாரும் மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கிறோம். வெளியே விட மறந்துவிடுகிறோம். நெஞ்சு அடைப்பது போலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பத்து மூச்சு எண்ணிவிட்டுத் திரும்பவும் கிளம்புங்கள். இதை வாரா வாரம் குளத்தில் வேண்டுமென்றே பயிற்சி செய்யுங்கள்: வேகமாக 50 மீட்டர், பிறகு நடுக்குளத்தில் புரண்டு பத்து மூச்சு, மறுபடி 50 மீட்டர். இடுப்பில் பட்டை கட்டி, பின்னால் இழுத்துக்கொண்டு போகிற ஆரஞ்சு நிறக் காற்று மிதவை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஐயா கட்டிவிட்ட சுரைக்குடுக்கையின் வேலையை அது செய்யும்: களைத்தால் பிடித்துக்கொள்ளலாம், கரையில் இருப்பவர்களுக்கும் உங்கள் இருப்பிடம் தெரியும். கண்மாயானாலும் கடலானாலும் அது இல்லாமல் இறங்க வேண்டாம்.

கண்மாயைப் பற்றி இன்னும் சில கண்டிப்புகள். குடிதண்ணீர் ஊருணியில் இறங்கக்கூடாது என்பது செட்டிநாட்டில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மடை திறந்திருக்கும் நாளில் அதன் பக்கம் போகாதீர்கள். மேலே தண்ணீர் அசையாமல் இருக்கும், கீழே இழுப்பு இருக்கும். கண்மாய் நிறைந்து உபரித் தண்ணீர் கலுங்கு வழியே பாயும் நாட்களில் இறங்கவே வேண்டாம். முதல் மழைத் தண்ணீர் வயல் மருந்தையும் சாணத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். அது தெளிய மூன்று வாரம் விடுங்கள். காலில் கையில் புண்ணோ வெட்டோ இருந்தால் அது ஆறும்வரை குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எலிக்காய்ச்சல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும். மூக்குக்கு கிளிப் போடுங்கள். சூடான, தேங்கிய நன்னீரில் மூக்கு வழியாக ஏறும் அமீபா மூளையைத் தாக்குவது மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். ஒரு சின்னக் கிளிப் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். தாமரைக் கொடி படர்ந்த பக்கம் போகாதீர்கள். தனியாக ஒருநாளும் இறங்காதீர்கள்.

சரி, இனி சூடு.

வெளிநாட்டுத் திட்டங்கள் குளிரைப் பற்றியே பேசுவதில் தப்பில்லை. ஆங்கிலக் கால்வாயில் தண்ணீர் 15, 16 டிகிரியில் இருக்கும், அவர்களுடைய பிரச்சினை அது. நம் பாக் விரிகுடாவில் மார்ச்சில் மேல் தண்ணீர் 28, 29 டிகிரிக்கு வந்துவிடும். சித்திரையில் 30-ஐத் தாண்டும். நிலத்தில் ஓடும்போது வியர்வை ஆவியாகி உடம்பு குளிர்கிறது. தண்ணீருக்குள் வியர்வை ஆவியாக வழியே இல்லை. தோலுக்கும் தண்ணீருக்கும் இருக்கும் வெப்ப வித்தியாசம் ஒன்றை வைத்துத்தான் உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியும். தண்ணீர் 30 டிகிரி என்றால் அந்த வித்தியாசம் மூன்று, நான்கு டிகிரிதான். அதற்கு மேல் முதுகிலும் தலையிலும் வெயில். வேர்ப்பதும் தெரியாது, தாகமும் தெரியாது.

இது சும்மா பயமுறுத்தல் அல்ல. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் கடல் நீச்சல் உலகக் கோப்பைப் பந்தயத்தில், அமெரிக்காவின் முன்னணி வீரர் பிரான் கிரிப்பன் பந்தயம் முடிவதற்கு முன்பே இறந்துபோனார். அவருக்கு வயது 26. அன்று அங்கே தண்ணீர் அத்தனை சூடாக இருந்தது. இப்போது உலகப் போட்டிகளில் தண்ணீர் 31 டிகிரிக்கு மேல் இருந்தால் பந்தயமே கிடையாது. உங்கள் முயற்சிக்கும் அதே விதியைவிடக் கொஞ்சம் கடுமையாக நான் ஒரு விதி வைக்கிறேன்: காலையில் ஒரு முழ ஆழத்தில் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். 30 காட்டினால் அன்றைக்கு 10 கிலோமீட்டர் இல்லை. யார் யார் வந்து நிற்கிறார்கள், எவ்வளவு செலவாகிவிட்டது என்பதெல்லாம் பேச்சே இல்லை.

எனக்கே ஒருமுறை நடந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரையில், தொண்டிக்குத் தெற்கே 6 கிலோமீட்டர் நீந்தக் கிளம்பினேன். ஆறு மணிக்கு இறங்க வேண்டியது, எட்டரை ஆகிவிட்டது. நாளைக்குத் தள்ளி வைக்க மனம் வரவில்லை. முதல் இரண்டு தடவை படகிலிருந்து தண்ணீர் நீட்டியபோது, "அப்புறம், அப்புறம்" என்று கையை ஆட்டிவிட்டுப் போனேன். நாலாவது கிலோமீட்டரில் கையெல்லாம் புல்லரித்தது. குளிர்கிறது என்று நினைத்தேன். அந்த வெயிலில், அந்தத் தண்ணீரில் குளிர் எங்கிருந்து வரும் என்று யோசிக்கும் நிதானம் எனக்கு இல்லை. படகுக்காரர், "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டிருக்கிறார். நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேனாம். அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்குளில் கையைக் கொடுத்து என்னைப் படகுக்குள் இழுத்துப் போட்டார். பிளாஸ்டிக் குடத்திலிருந்து தண்ணீரைக் கையில் ஏந்தி, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போல உச்சந்தலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே வந்தார். கரைக்கு வரும்வரை நிறுத்தவில்லை. அந்த மனிதர் கேட்ட அந்த ஒரு கேள்வியால்தான் இதை இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் உங்கள் படகில் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை இது. அரை மணிக்கு ஒருமுறை உங்கள் கைவீச்சை எண்ணி எழுத வேண்டும். நிமிடத்துக்கு 56 வீச்சு போய்க்கொண்டிருந்தவர் 50-க்கு இறங்கினால் ஏதோ சரியில்லை. ஒவ்வொரு தடவை குடிக்க நிற்கும்போதும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பதினேழாம் வாய்ப்பாட்டில் ஒன்று, உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பெயர், இப்படி. பதில் குழறினால், புல்லரித்தால், தலைவலி என்றாலோ குமட்டினாலோ, தூக்கிவிட வேண்டியதுதான். அந்த நேரத்தில் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று நீங்கள் சொல்வதை யாரும் கேட்கக்கூடாது. இதை முந்தின நாளே எல்லார் முன்னாலும் சொல்லி ஒப்புக்கொண்டுவிடுங்கள். வெள்ளைத் துணித் தொப்பி போடுங்கள். கறுப்பு சிலிக்கோன் தொப்பி வெயிலை வாங்கும், சூட்டை வெளியே விடாது. குடிக்கும்போதெல்லாம் தொப்பிக்கு மேலே ஒரு செம்பு ஐஸ் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள்.

குடிப்பதைத் தனியாகப் பழக வேண்டும். குளத்துக்கு ஒரு எடை மெஷினை எடுத்துப் போங்கள். இறங்கும் முன் எடை பார்த்து, ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காமல் உங்கள் நீண்டதூர வேகத்தில் நீந்தி, நன்றாகத் துவட்டி, உடை மாற்றி மறுபடி பாருங்கள். 600 கிராம் குறைந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு 600 மில்லி இழக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த அளவையொட்டிக் குடித்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தாலும் ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கம், வலிப்பு வரை போகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 200 மில்லி அளவில் தொடங்குங்கள்.

என்ன குடிப்பது? கடையில் விற்கும் பொடியும் நல்லதுதான். நான் பலருக்குக் கொடுப்பது நம் வீட்டுச் சரக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் கருப்பட்டியைக் கரைத்து, மண் இல்லாமல் வடிகட்டி, கால் டீஸ்பூன் உப்பு. கூடவே மணிக்கு ஒருமுறை அரை வாழைப்பழம். மணிக்கு 45, 50 கிராம் மாவுச்சத்து வயிற்றுக்குள் போனால் கை சோராது. இளநீர் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போகிற சோடியம் குறைச்சல். உப்பு சேர்த்தே ஆக வேண்டும். கவுனியரிசி என்கிற கறுப்பரிசியை முந்தின நாள் மத்தியானத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நார்ச்சத்து அதிகம், கடலில் வயிற்றைப் பிசையும். காலையில் இரண்டு மணி நேரம் முன்னால் நாலு இட்லி, சர்க்கரை போதும். காரச் சட்னி வேண்டாம். எதையும் முதல் தடவையாகக் கடலில் சாப்பிட்டுப் பார்க்கக்கூடாது. கண்மாய்ச் சுற்றுகளில் எல்லாவற்றையும் வயிற்றுக்குப் பழக்கிவிடுங்கள்.

நீங்கள் முக்கியமாகக் கேட்ட வாரத் திட்டத்துக்கு வருகிறேன். இப்போது வாரம் 6 கிலோமீட்டர் போகிறீர்கள். இன்னும் ஒரு நாளைச் சேர்த்து நாலு நாளாக்கி, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல், புரட்டாசி முடிவதற்குள் 11 கிலோமீட்டருக்கு வாருங்கள். நாலாவது வாரம் ஒவ்வொன்றிலும் குறைத்துக்கொள்ள வேண்டும். 44 வயதில் தோள் தேறுவது அந்த வாரத்தில்தான். மழைக்காலத்தில் இடி கேட்டால் அன்றைக்கு லீவு. மார்கழியிலும் தையிலும் 18, 20 கிலோமீட்டர் வரை ஏறலாம். அதில் ஞாயிற்றுக்கிழமை நீச்சல் மட்டும் 4, 5, 6 என்று வளர்ந்து ஏழரையில் நிற்கட்டும். 10 கிலோமீட்டரைப் பயிற்சியில் நீந்திப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தை முதல் நாலைந்து முறையாவது கடலில் இறங்கியிருக்க வேண்டும். நாலு நாளில் ஒருநாள் மட்டும் வேகப் பயிற்சி, 100 மீட்டர் வீதம் 15 தடவை, நடுவில் 15 நொடி ஓய்வு. மற்ற நாளெல்லாம் நிதானம். எது நிதானம் என்று கேட்டால், நின்றதும் ஒரு குறளை நடுவில் மூச்சு வாங்காமல் முழுசாகச் சொல்ல முடிய வேண்டும். ஆசிரியைக்கு இது வசதியான அளவுகோல்.

இருபக்கமும் மூச்சு எடுக்கப் பழகுங்கள். தொண்டியில் கடல் கிழக்கே. கரையோரமாக வடக்கு நோக்கி நீந்தினால் காலை வெயில் வலது கண்ணில் நேராக அடிக்கும், கரை இடது பக்கம் இருக்கும். இடது மூச்சு வராதவர்கள் அங்கே குருடர் மாதிரிதான். ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வரும்படி நெற்றியைத் தூக்கி, மினாரையோ பனந்தோப்பையோ செல்போன் கோபுரத்தையோ பார்த்து நேர் பிடிக்க வேண்டும். இதற்கும் கண்மாயின் அந்த இரண்டு அடையாளங்களே பள்ளிக்கூடம்.

தோளில் ஒரே ஒரு விஷயம். கை தண்ணீருக்குள் போகும்போது தலைக்கு முன்னால் குறுக்கே போகிறதா என்று யாரையாவது மேலிருந்து செல்போனில் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். குறுக்கே போனால் தோள் மூட்டில் தசைநார் நசுங்கும். 2 கிலோமீட்டரில் தெரியாது, 7 கிலோமீட்டரில் கையைத் தூக்க விடாது. தோளுக்கு நேராக விரல் நுனி முதலில் இறங்கட்டும்.

உடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நானே சொல்கிறேன். உடம்போடு ஒட்டிய மெல்லிய முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை நன்றாகவே இருக்கும். வெயிலுக்கும் ஆகும், சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டாலும் பாதி காப்பாற்றும். சுடிதார், டி-ஷர்ட் வேண்டாம், தண்ணீரைக் குடித்துவிட்டு இழுக்கும். அக்குள், கழுத்து, தொடை, உள்ளாடைப் பட்டை உரசும் இடமெல்லாம் வாசலினை அப்பிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். உப்பு அறுத்த புண் ஒரு வாரத்துக்குத் துணி போடவிடாது. சொறி பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், தேய்க்காதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருப்பதை மெதுவாக எடுத்துப் போட்டு, கரையில் பொறுக்கிற அளவு சுடுதண்ணீரில் 20 நிமிடம் வைத்தால் வலி அடங்கும். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

காற்றைப் படகுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். செல்போன் சொல்வதற்கு மேலே அவர் சொல்வதை வையுங்கள். வடகிழக்கிலிருந்து வீசும் வாடை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் பிடிக்காத இடைக்காலம் என்பதால் மார்ச் சரியான தேர்வு. ஆனி, ஆடியில் ஆசைப்பட்டு இறங்கிவிடாதீர்கள். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அமைதியாக இருக்கும், உள்ளே போகப் போகத் தள்ளிக்கொண்டே போகும். திரும்பும்போதுதான் தெரியும். வலை எங்கே கட்டியிருக்கிறது, நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரே படகுக்காரரைப் பிடித்து, பயிற்சி நாட்களிலேயே நாலு தடவை அவரோடு போய் வாருங்கள். கூலியைப் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம். கடலோரக் காவல் நிலையத்தில் நாள், நேரம், பாதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டாருக்கு வாயால் பதில் சொல்லாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் பரிசோதனை எல்லாம் எடுத்து, டாக்டர் சொல்வதை அவர்களும் காதால் கேட்கட்டும். இதை நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. மெதுவாக நீந்தும்போதே மூச்சு இரைத்து, இருமலில் நுரையோ இளஞ்சிவப்பாகவோ வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். இது ஆரோக்கியமாகத் தெரிகிற நீச்சல்காரர்களுக்கும் வரும், ரத்த அழுத்தம் இருந்தால் வாய்ப்பு கூடும். அப்படி வந்தால் அந்த நொடியே தண்ணீரை விட்டு ஏற வேண்டும். கணவரைப் படகில் ஏற்றுங்கள், கைவீச்சு எண்ணும் நோட்டை அவரிடமே கொடுங்கள். ஆறு மணி நேரம் கரையில் நின்று பயப்படுவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவது அவருக்கும் நல்லது.

தலைமன்னார் கனவைக் கைவிடச் சொல்ல மாட்டேன். 1954-இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்தார். 1966-இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்த 25 மணி 36 நிமிடம் ஆனது. அவர் தொழிலில் வக்கீல். 1994-இல் நம் குற்றாலீசுவரன் 12 வயதில் அதே கடலைக் கடந்தார். தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், இரண்டு நாட்டு அனுமதி வேண்டும், இரவில் நீந்த வேண்டும். கொண்டு விக்க, அதாவது வணிகம் செய்யப் போன காலத்தில் கப்பலேறிக் கடல் தாண்டியது செட்டிநாடு. அந்த மண்ணிலிருந்து ஒருவர் கையால் துழாவிக் கடக்க நினைப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் அதை இந்த 10 கிலோமீட்டருக்குப் பிறகு, குறைந்தது மூன்று வருடப் பயிற்சிக்குப் பிறகு பேசுவோம்.

இப்போதைக்கு எனக்கு இரண்டு விஷயம் எழுதுங்கள். குளத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் குறைந்தது என்பது ஒன்று. கண்மாய்க்குள் நடந்து வரைந்த படத்தை செல்போனில் எடுத்து அனுப்புவது இன்னொன்று. பாதையை எங்கே போடுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். ஆடி பிறந்ததும் உழவு ஓட்டிவிட்டால் தூர் இருக்கும் இடம் தெரியாமல் போகலாம். இந்த வாரமே போய்விடுங்கள்.